அந்த இரண்டு மாதத்து டக்ளஸ்

பினாங்கு விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவு திறந்ததும் டக்ளஸ் முதலில் செய்தது, கூட்டத்துக்குள் ஷீலாவைத் தேடியதுதான். கண்டதும் கையைத் தூக்கி ஆட்டினான். பதிலுக்குக் கையசைக்க மறந்து ஷீலா அப்படியே நின்றாள். அவளுடைய கணவன் யாரையும் தேடிப் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

காரை அவன்தான் ஓட்டினான். பாலத்தில் ஏறும்போது, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டான்.

"ம்?"

"சாப்பிட்டியான்னு கேட்டேன். பட்டவொர்த்துல நிறுத்தவா?"

அவள் சாப்பிட்டிருந்தாள். இல்லை என்று சொன்னாள்.

டக்ளஸ் கோலா கெத்தில் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் எடை மேடைக் கிராணி. பழக்குலைகளோடு வரும் லோரிகளை நிறுத்துக் கணக்கெழுதி உள்ளே அனுப்புவான். ஷீலா பாடாங் செராயில் பாலர் பள்ளி ஆசிரியை. மகள் அமண்டா ஆரம்பப் பள்ளியில் இருந்த காலத்தில் டக்ளஸுக்கு அது தொடங்கியது. முதலில் பேச்சு குறைந்தது, பிறகு தூக்கம், பிறகு பசி. இத்தனைக்கும் அவனுக்கு ஒன்றும் நடந்திருக்கவில்லை. அதுதான் யாருக்கும் விளங்கவில்லை. கடனா என்று கேட்டார்கள். வேறு பொம்பளையா என்று கேட்டார்கள். யாராவது செய்வினை வைத்திருப்பார்கள் என்றார்கள். ஃபாதர் வீட்டுக்கே வந்து ஜெபித்துவிட்டுப் போனார். டாக்டர் கொடுத்த மாத்திரைகளில் ஒன்று உடம்பைப் பெருக்க வைத்தது, இன்னொன்று கையை நடுங்க வைத்தது, மூன்றாவது ஒரு வருடம் வேலை செய்துவிட்டு நின்றுபோனது. லீவு நாட்களில் டக்ளஸ் முன்வாசலில் நிற்கும் காருக்குள் போய், கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பான். ஷீலா சன்னல் வழியாக அவன் தலையின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவனுடைய அக்கா மரியா மெல்பர்னில் நர்ஸ். அங்கே, வேறு எந்த மருந்துக்கும் அசையாத மனச்சோர்வுக்கு, சைலோசைபின் கொடுக்கச் சில மனநல மருத்துவர்களுக்கு அனுமதி கிடைத்திருந்தது. ஒரு வகைக் காளானில் இருக்கும் பொருள் அது. மலேசியாவில் அதைக் கையில் வைத்திருந்தாலே சிறை.

"டாடாவா அக்கா? போதைப்பொருளா?" என்று ஷீலா போனில் கேட்டாள்.

"இங்க அது மருந்துலா. சும்மா குடுத்து அனுப்பிட மாட்டாங்க. முன்னாடியே வாரக்கணக்கா உட்கார வச்சுப் பேசுவாங்க. குடுக்கிற அன்னைக்கு முழுக்க ரெண்டு பேரு பக்கத்துலயே இருப்பாங்க. அதுக்குப் பிறகும் பேசுவாங்க. ஆனா ஒன்னு, எல்லாருக்கும் வேலை செய்யும்னு யாரும் சொல்லல. அத உனக்குச் சொல்லிடுறேன்."

டக்ளஸ் மறுக்கவில்லை. எதையும் மறுக்கும் தெம்பு அவனிடம் இல்லை. பழைய மாத்திரைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிட்டு, அங்கே போய், குளிர்காலம் முழுக்க மரியா வீட்டில் இருந்தான். திரும்பி வந்தவன்தான் விமான நிலையத்தில் கையாட்டியவன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும், குசினி மேசையில் உட்கார்ந்து அவனாகவே சொன்னான்.

"கண்ணக் கட்டிப் படுக்க வச்சாங்க. பாட்டு போட்டாங்க. ஒரு பக்கம் ஒரு ஆளு, இன்னொரு பக்கம் வயசான ஒரு வெள்ளக்கார அம்மா. மொதல்ல செத்துட்டேன்னுதான் நெனச்சேன் ஷீலா. அப்படி ஒரு பயம். அந்தம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டாங்க. ஒன்னுமே பேசல. பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க, அவ்வளவுதான்."

"பிறகு?"

"பிறகு உன்னப் பார்த்தேன். இங்கதான், இந்தக் குசினியில. நீ முதுகு காட்டி நின்னு வெங்காயம் நறுக்கிக்கிட்டு இருந்த. வேற ஒன்னும் நடக்கல. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கிட்டு இருந்தேன். இவ்வளவு வருசமா இவ இங்கயே நின்னுக்கிட்டு இருக்காளேன்னு தோணுச்சு. அழுகைய நிறுத்த முடியல."

ஷீலா அடுப்பைத் தணித்தாள். வேறொரு நாட்டில் யாரோ இரண்டு பேர் முன்னால் அவன் தன்னைப் பார்த்து அழுதிருக்கிறான். தனக்கு அது தெரியவே இல்லை. அன்றைக்கு, அந்த நேரத்தில், தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். நினைவு வரவில்லை.

ஏறக்குறைய இரண்டு மாதம் அந்த டக்ளஸ் வீட்டில் இருந்தான்.

சிந்தோக்கில் பல்கலைக்கழக விடுதியில் இருந்த அமண்டாவுக்கு அவனே போன் போட்டான். அவன் வாயைத் திறக்கும் முன்பே மறுமுனையில் அவள், "அம்மா, அப்பா போன நீங்க எடுத்து விளையாடுறீங்களா?" என்றாள். சனிக்கிழமைகளில் ஷீலாவைக் கடலோரம் இருக்கும் தஞ்சோங் டாவாய்க்கு அழைத்துப்போய் சுட்ட மீன் வாங்கிக் கொடுத்தான். கார் ஓட்டும்போது இடது கையை அவள் மடியில் வைத்துக்கொண்டான். ஷீலாவின் அப்பா இறந்து நான்கு வருடம் கழித்து, "மாமா கடைசியா என்ன பேசுனாரு?" என்று கேட்டான். அடக்கத்துக்கு அவனும் வந்துதான் இருந்தான். கல் மாதிரி நின்றிருந்தான்.

ஷீலாவுக்கு அந்தக் கேள்விதான் தாங்க முடியவில்லை.

"இப்ப கேக்குறீங்க! நாலு வருசம் ஆச்சு. நான் தனியா அழுதேன், தெரியுமா? நீங்க பக்கத்துல படுத்திருக்கையிலயே தனியா அழுதேன்."

கையில் இருந்த துணியை வீசினாள். கத்தினாள். பக்கத்து வீட்டு நாய் குரைக்கிற அளவுக்குக் கத்தினாள். டக்ளஸ் எழுந்து போகவில்லை, தலையைக் குனியவும் இல்லை. "சொல்லு. இன்னும் சொல்லு," என்று கேட்டுக்கொண்டே இருந்தான். திட்டுவதற்கு வீட்டில் ஓர் ஆள் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

பிறகு ஒருநாள் மாலை, பாலர் பள்ளியில் ஒரு பிள்ளை ரொட்டியை ஆசிரியையின் காலணிக்குள் ஒளித்து வைத்த கதையை அவள் சொன்னாள். டக்ளஸ் சிரித்தான். ஆனால் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. ஒன்றும் இல்லை, களைப்பாக இருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த வாரம் அவன் தேநீரைப் பாதியில் வைத்தான். அதற்கடுத்த வாரம் தஞ்சோங் டாவாய் வேண்டாம் என்றான்.

மெல்பர்ன் மருத்துவமனையின் காணொளிச் சந்திப்புகள் அதற்குள் முடிந்திருந்தன. மரியா அங்கே பேசிப் பார்த்தாள். உடனே மறுபடியும் கொடுக்க முடியாது, சிலருக்கு இப்படித் திரும்பி வருவது உண்டு, உள்ளூர் மருத்துவரிடம் காட்டி மாத்திரை தொடங்கட்டும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள்.

"மாத்திரை வேணாம்," என்றான் டக்ளஸ். "அதப் போட்டா அந்த இடத்துக்குத் திரும்பிப் போக முடியாது."

"எந்த இடத்துக்கு?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் காருக்குள் போய் உட்கார்ந்தான்.

அவர்கள் குடியிருந்த தாமானுக்குப் பின்னால், வீட்டு வரிசைகள் முடியும் இடத்தில், செம்பனைத் தோட்டம். தோட்டத்தில் முன்பு வேலை பார்த்த முனியாண்டி அங்கே மாடு மேய்ப்பார். மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில், துணி எடுக்கப் பின்பக்கம் போன ஷீலா, டக்ளஸ் குடையில்லாமல் மரங்களுக்கு நடுவே குனிந்து குனிந்து நடப்பதைப் பார்த்தாள். கையில் பிளாஸ்டிக் பை, உள்ளே காளான்கள். வேலியருகே வந்ததும் அவன் பையை மறைக்கவில்லை.

"அங்க குடுத்ததும் இதுதான் ஷீலா. போன்ல எல்லாம் போட்டிருக்கான்."

"அங்க டாக்டர் இருந்தாங்க."

"இங்க நீ இருக்கல்ல?"

பையைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். மரியாவுக்கு போன் போட்டிருக்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை. மழையில் நனைந்த அவன் முகத்தில் பல நாட்களுக்குப் பிறகு ஏதோ ஓர் ஆவல் தெரிந்தது. எதையோ வேண்டும் என்று கேட்கிற முகம். அந்த முகத்துக்காக அவளும்தான் ஏங்கிக்கொண்டிருந்தாள். விமான நிலையத்தில் கையாட்டியவன் இந்த வேலிக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருக்கிறான், போனால் கூட்டி வந்துவிடலாம் என்று அந்த நிமிடம் அவளுக்கும் தோன்றியது.

"நான் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பேன்," என்றாள்.

சனிக்கிழமை காலை கதவைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டாள். அவன் காளானைத் தின்று படுத்ததும் கண்ணுக்கு ஒரு துணி கட்டினாள். அவன் சொன்ன பாட்டுகளைப் போனில் போட்டாள். அறையை ஒழுங்குபடுத்தும்போது கல்யாணத்துக்கு முந்தின நாள் மாதிரி அவள் கை பரபரத்தது. அதை நினைத்துப் பின்னாளில் வெட்கப்பட்டாள்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவன் முனகத் தொடங்கினான். துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தான். கண்கள் அகலத் திறந்திருந்தன, ஆனால் அவளைப் பார்க்கவில்லை. ஷீலா அவன் கையைப் பிடித்தாள்.

"எங்க அந்தம்மா?"

"நான்தாங்க. ஷீலா."

"அந்தம்மாவக் கூப்பிடு. இது இல்ல. இந்தக் கை இல்ல!"

அவளை உதறித் தள்ளினான். வாந்தி எடுத்தான். எழுந்து சுவரில் மோதிக்கொண்டு, கதவைத் திறந்து வெறுங்காலோடு பின்பக்கமாக ஓடினான். ஷீலா துரத்திக்கொண்டு ஓடி, சாக்கடை ஓரத்தில் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் சேற்றில் விழுந்தார்கள். தான் செத்துக்கொண்டிருப்பதாக அவன் கத்தினான். மரியா சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாரக்கணக்கில் பேசியவர்கள், பக்கத்தில் இருந்த இரண்டு பேர், கூப்பிட்டால் வரும் டாக்டர். இங்கே அவள் ஒருத்தி. அவளுக்கு ஒன்றுமே தெரியாது.

சத்தம் கேட்டு முனியாண்டி ஓடி வந்தார். பின்வாசலில் கிடந்த பையை எடுத்துப் பார்த்தார். "என்னம்மா இது? இத மாடுகூட தொடாதே!" என்றார். அதற்குமேல் எதுவும் கேட்காமல் டக்ளஸைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக் காரின் பின் இருக்கையில் போட்டு, ஆஸ்பத்திரி வரைக்கும் அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். ஷீலா அழுதுகொண்டே ஓட்டினாள்.

அவசரப் பிரிவில் இருந்த பெண் டாக்டரின் பெயர் தேவகி. என்ன சாப்பிட்டார் என்று கேட்டாள். "காளான்," என்று மட்டும் சொன்னாள் ஷீலா.

"போலீசுக்குப் போகுமா டாக்டர்?"

"அத பிறகு பார்க்கலாம்கா. எனக்கு இப்ப அவரோட உயிர் முக்கியம். காளான் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். ஈரல அழிக்கிறதும் அதுலதான் இருக்கு. சொல்லுங்க."

ஷீலா எல்லாவற்றையும் சொன்னாள். மிச்சமிருந்த பையை முனியாண்டி நீட்டினார்.

ஈரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பயம் அவனை விட்டுப் போகச் சில வாரங்கள் பிடித்தன. மனநல வார்டில் சுவரோரம் சுருண்டு கிடந்தான். ஒருநாள் வார்டுக்கு வெளியே தேவகி ஷீலாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆஸ்திரேலியாவுல இருந்து வந்தப்ப நல்லா இருந்தாருன்னு சொன்னீங்கல்ல? எப்படி இருந்தாரு?"

அதுவரை யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. நோயைப் பற்றித்தான் எல்லோரும் கேட்டார்கள். ஷீலா சொல்லத் தொடங்கினாள். மடியில் வைத்த கையைச் சொன்னாள், அப்பாவைப் பற்றிக் கேட்டதைச் சொன்னாள், துணியை வீசியதைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அது பொய்யா டாக்டர்? மருந்துதான் பேசுச்சா?"

"எனக்குத் தெரியலக்கா. அத யாரும் இன்னும் சரியா சொல்ல முடியாது." தேவகி சற்று யோசித்தாள். "ஆனா நீங்க கத்துனப்ப உட்கார்ந்து கேட்டாருல்ல? அப்ப மருந்து உடம்புல இருந்திருக்காது. எப்பவோ போயிருக்கும்."

டக்ளஸ் வீட்டுக்கு வந்தான். புது மாத்திரை ஒன்று தொடங்கினார்கள். அது அவனைத் தூங்க வைத்தது, சாப்பிட வைத்தது. ஆலைக்கும் போகத் தொடங்கினான். கேட்டால் பதில் சொன்னான். அதைத் தாண்டி ஒன்றும் இல்லை. கிறிஸ்மஸுக்கு வந்த அமண்டா, "பரவால்லம்மா, முன்னைக்கு இது எவ்வளவோ மேல்," என்றாள். உண்மைதான். ஆனால் ஷீலாவுக்கு முன்பு இல்லாத ஒரு வலி இப்போது இருந்தது. முன்பு அவள் எதற்காகக் காத்திருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. இப்போது தெரியும். அவனுடைய குரல் தெரியும், அவன் கேட்கும் கேள்விகள் தெரியும். கூடத்தில் கணவன் உட்கார்ந்திருக்கும்போதே அவள் மனம் இன்னொருவனைத் தேடிக்கொண்டிருந்தது.

ஒரு மாலை மரியா கூப்பிட்டாள். வரும் வருடம் இன்னொரு முறை முயன்று பார்க்கலாமா என்று டாக்டர்கள் யோசிக்கிறார்கள், ஆனால் இங்கே நடந்ததைக் கேட்டபின் தயங்குகிறார்கள் என்றாள். "நீ என்ன சொல்ற?" என்று கேட்டாள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி ஷீலா போனை வைத்தாள்.

டக்ளஸ் கேட்டுக்கொண்டிருந்தான் போலிருக்கிறது.

"உனக்கு அவன் வேணுமா?" என்றான்.

யாரைச் சொல்கிறான் என்று அவள் கேட்கவில்லை. "ஆமா," என்றாள். சொல்லியிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது.

அவன் முகத்தில் வருத்தம் இல்லை. "எனக்கும் அவன ரொம்பப் பிடிச்சிருந்துச்சு," என்றான் மெதுவாக. "நானும்தான் தேடுறேன்."

ஷீலா அவனருகே சோபாவில் உட்கார்ந்தாள்.

"ஒரு நாள் பசார்ல ஆட்டுக்கறிக்காரன்கிட்ட வாயாடி, சும்மாவே எலும்பு வாங்கிட்டு வந்தான்," என்றாள் அவள்.

"நானா?"

"அவன்."

"அப்படியா செஞ்சான்?"

"செஞ்சான். வீட்டுக்கு வந்து அவனே சூப்பு வச்சான். உப்பு போட மறந்துட்டான்."

டக்ளஸின் உதடு லேசாக அசைந்தது. அது சிரிப்பா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"இன்னும் சொல்லு," என்றான்.

வெளியே ஆலைக்குப் போகும் லோரி ஒன்று சுமையோடு கடந்து போனது. அது போகும்வரை காத்திருந்துவிட்டு, ஷீலா தொடர்ந்து சொன்னாள்.