ஒன்பதாவது வாளி

ஞானேஸ்வரன் பீப்பாயின் வாய்க்குள் மூக்கை வைத்து மறுபடியும் முகர்ந்தான். ஈர மரமும் பழைய வைனுமாக இருந்த வாசனை போய், பல நாள் தண்ணீர் மாற்றாத பூச்சாடியின் நாற்றம் போல ஏதோ ஒன்று உள்ளிருந்து எழும்பி வந்தது. இருநூற்று இருபத்தைந்து லீட்டர் பியர். லண்டன் மோர்டனில் அவனுடைய கராஜுக்குள் அந்தப் பீப்பாயை உருட்டிச் சேர்க்கவே மூன்று பேர் வேண்டியிருந்தது.

பெல்ஜியத்தில் இருந்த ஒன்பது வருடமும் ஒரு சிறிய பியர்ச்சாலையில் பீப்பாய் கழுவியவன் அவன். ஒன்றரை வருடம் மரத்துக்குள் கிடந்து புளித்த பியரை ஒரு கிறிஸ்மஸுக்கு முதலாளி ஊற்றிக் கொடுத்த நாளிலிருந்து, இதைத் தன் கையால் செய்துவிட வேண்டும் என்று இருந்தான். லண்டனுக்கு வந்து நாலாவது வருடம், 2007 இல், வைன் பீப்பாய் ஒன்று கிடைத்தது. அவ்வளவு பியரையும் தனியாளாகக் காய்ச்ச முடியாமல் நாலு வாளியை ஊர்க்காரர் சந்திரகுமாரிடம், அவர் வீட்டில் காய்ச்சும்படி ஒப்படைத்திருந்தான். விளிம்புவரை நிரப்ப வேண்டும். காற்றுக்கு இடம் விட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

எட்டு வாளியைக் குழாய் போட்டு மெல்ல இறக்கியாகிவிட்டது. தக்கையை அடித்து இறுக்கச் சுத்தியல் எடுக்க அவன் வீட்டுக்குள் போய்வருவதற்குள், கடைசி வாளியைச் சந்திரகுமாரே தூக்கிப் புனலில் கவிழ்த்திருந்தார். புனலின் கம்பிவலையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் வழித்துப் பார்த்தான். சாம்பல் நிற மயிர்.

"அண்ணை, இதென்ன?"

"சுண்டெலியடாப்பா. மூடி நீக்கலா இருந்திருக்கு, விழுந்திட்டுது. காலமைதான் கண்டனான். தூக்கேக்க வால் கழண்டு கையோட வந்திட்டுது." சந்திரகுமார் சிரித்தார். "எப்பிடியும் புளிக்கிற சாமான்தானே. ஆருக்குத் தெரியப்போகுது?"

ஞானேஸ்வரன் விரலைக் காற்சட்டையில் தேய்த்தான். திரும்பத் திரும்பத் தேய்த்தான். மயிர் போன பிறகும் வழுவழுப்புப் போகவில்லை.

வாசலில் அவன் மனைவி ராஜி தேநீரோடு நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "அந்த வீட்டில எட்டு மாசம் சாப்பிட்டனாங்கள்" என்றாள், யாரையும் பார்க்காமல்.

பெல்ஜியத்திலிருந்து வந்து நின்றபோது, ஒரு கேள்வி கேட்காமல் தன் டூட்டிங் வீட்டின் மேலறையை ஒழித்துக் கொடுத்தவர் சந்திரகுமார். ஊரில் ஞானேஸ்வரனின் ஆட்கள் அவருடைய ஆட்களின் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. முதல்நாள் சோற்றுக்கோப்பையின் முன்னால் ராஜி தயங்கி இருந்தபோது, "லண்டனில என்ன சாதி, சாப்பிடு" என்று அவளை அதட்டியவன் இவன்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். இவனும் அன்று தண்ணீரைக் குடித்துக் குடித்துத்தான் சோற்றை இறக்கினான். அதை யாருக்கும் சொன்னதில்லை.

குனிந்து பீப்பாயின் அடித்தக்கையைப் பிடுங்கினான். மண்ணிறப் பியர் சீறிக்கொண்டு சீமெந்துத் தரையில் பாய்ந்தது. கராஜ் முழுவதும் புளிநாற்றம் அடித்தது. ராஜி மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

"விசரே உனக்கு?" என்று கத்திய சந்திரகுமார், அவள் போன கதவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஞானம், உண்மையைச் சொல்லு. எலி விழுந்ததுக்கோ, இல்லாட்டி என்ர கை பட்டதுக்கோ?"

எலிக்குத்தான் அண்ணை என்று சொல்ல வேண்டும். அது உண்மையும்கூட. ஆனால் வாயைத் திறந்தால் அங்கேயே சத்தி எடுத்துவிடுவான் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

சந்திரகுமார் மேசையில் கிடந்த ஒரு கிளாஸை எடுத்துக் குனிந்து, பாய்கிற பியரில் பிடித்தார். அரைவாசியை மடமடவென்று குடித்தார். உதட்டில் ஒட்டிய எதையோ நாக்கால் தள்ளி நிலத்தில் துப்பினார். மிச்சத்தை இவன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

கிளாஸிலிருந்து நுரை வழிந்து, அவருடைய பெருவிரலைத் தாண்டி, மணிக்கட்டில் இறங்கி, சேட்டுக் கைக்குள் போய்க்கொண்டிருந்தது. அவர் கையை எடுக்கவில்லை.