கம்பிக்குப் பின்னால் ஒரு வரி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு ரயில் டிக்கெட்டில் பிறந்தது. அண்ணன் இருக்கும் ஊருக்குப் போக மனமில்லாமல் டிக்கெட்டைக் கேன்சல் செய்தேன். காரணம் கதைக்குத் தேவையில்லை. சும்மா இருந்த மூளை, இந்தக் 'கேன்சல்' எங்கிருந்து வந்தது என்று நோண்ட ஆரம்பித்தது. போய் விழுந்த இடம், இடைக்கால லத்தீன்.

லத்தீனில் 'கான்செல்லி' என்றால் கம்பித் தடுப்பு.* அந்தக் காலத்து எழுத்தர்கள் வேண்டாத வரியின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு அடைப்பார்கள். ஜன்னல் கம்பி போலவே இருக்கும். அப்படிச் செய்வது 'கான்செல்லாரே'. வரி செல்லாது. ஆனால் கம்பிக்குப் பின்னால் நின்று நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

(* நம்மிடமும் கம்பித் தடுப்புக்கு 'அழி' என்றொரு சொல் உண்டு. உடனே லத்தீனுக்குத் தமிழ்தான் தாய் என்று கிளம்பிவிடாதீர்கள். தற்செயல், ரசித்துவிட்டு வாருங்கள்.)

2

[மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அவள்—] வேண்டாம். மழையை விட்டால் எனக்கு வேறு தொடக்கமே தெரியாதா?

அவள் ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கிறாள். எழுநூறு வருடத்துக்கு முன் ஐரோப்பாவில் ஆட்டுத்தோலில் எழுதிய லத்தீன் பத்திரங்களைப் படித்துச் சுருக்கம் எழுத வேண்டும். ஆபீஸில் அவளுக்கு 'லத்தீனக்கா' என்று பெயர். காலையில் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடும்போதே லத்தீன் தொடங்கிவிடுகிறது என்பாள். ரிஜிஸ்டரும் அந்தக் காலத்து லத்தீன்தான், கம்பெனியும் அதுதான். கம்பெனி என்றால் ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்கிறவர்கள். அந்தக் கணக்கில் அக்காவும் தங்கையும்தான் உலகத்தின் முதல் கம்பெனி.

சுரண்டி அழித்த பத்திரத்தை அவள் நம்பமாட்டாள். "அடிச்சு எழுதினவன் யோக்கியன். சுரண்டினவன்தான் எதையோ மறைக்கிறான்" என்பாள்.

அவள் தங்கைக்கு டிரை கிளீனிங் கடை. கறை இருந்த இடமே தெரியக் கூடாது என்பது அவள் தொழில். [ஒருத்தி கறையைக் காப்பவள், ஒருத்தி போக்குபவள்—] இது ரொம்ப அழகாக அமைந்துவிட்டது, எனக்கே சந்தேகமாக இருக்கிறது. தங்கையைத் தையல்காரியாக்கிப் பார்த்தேன். இரண்டு பத்தி பொறுத்துக்கொண்டாள். பிறகு கடைக்கே திரும்பிப் போய்விட்டாள்.

3

இருவருக்கும் நான்கு வருடமாகப் பேச்சில்லை. அம்மா போன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா ஒரு வாக்கியம் சொன்னாள்.

"நீ ஒரு நாள் முன்னாடி வந்திருந்தா அம்மா பிழைச்சிருப்பாங்க."

பொய். யார் வந்திருந்தாலும் பிழைத்திருக்கமாட்டார் என்று டாக்டரே சொல்லியிருந்தார். [வாய் தவறி—] இல்லை, வாய் தவறவில்லை. துக்கத்தை யார் தலையிலாவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் தங்கை நின்றாள்.

இந்த மாசக் கடைசியில் தங்கை குடும்பம் கடையோடு வேறு ஊருக்குப் போகிறது. அதற்குள் அக்கா அந்த வாக்கியத்தைத் திரும்ப வாங்கியாக வேண்டும். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம் என்பார்கள். மீதியை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

4

ஐந்து கடிதம் எழுதினாள். எல்லாம் சுத்தமான கடிதங்கள். 'நடந்ததை மறந்துடுவோம்' என்று ஒன்று, 'உடம்பு எப்படி இருக்கு' என்று ஒன்று. படித்துப் பார்த்தால், அப்படியொரு வாக்கியத்தை யாருமே சொல்லாதது போல இருந்தது. சுரண்டிய பத்திரங்கள். ஐந்தையும் கிழித்தாள்.

ஆறாவதில் அந்த வாக்கியத்தையே எழுதினாள், எழுத்துக்கு எழுத்து. பிறகு அதன் மேல் நீல மையில், பழைய எழுத்தரைப் போல நிதானமாக, குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டாள். அடியில் எழுதினாள்: 'இதை நான்தான் சொன்னேன். செல்லாது.'

(இந்த இடத்தில் அவளை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இனி நடுநிலை எல்லாம் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.)

5

கடிதத்தைத் தபாலில் போட்ட நான்காம் நாள் தங்கையின் புருஷன் காப்பக வாசலில் வந்து நின்றார். கையில் அதே உறை.

"அக்கா, இதை உங்ககிட்ட குடுக்கச் சொன்னா."

"திருப்பி அனுப்பிட்டாளா தம்பி?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா, நான் வெறும் தபால்காரன். படிச்சுக்கிட்டே இஸ்திரிப் பெட்டியை அப்படியே வெச்சுட்டா. சட்டை கருகிடுச்சு. இத்தனை வருஷத்துல அவ ஒரு சட்டையைக் கருக்கினதில்ல."

உள்ளே புதிதாக ஒரு எழுத்தும் இல்லை. ஆனால் நீலக் கோடுகளின் மேல் இன்னொரு வலை விழுந்திருந்தது: துணிக்கு நம்பர் போடும் கறுப்பு மையில், எத்தனை சலவைக்கும் போகாத மையில், தாள் கிழிகிற அழுத்தத்தில். ஓரத்தில் கடைச் சீட்டு ஒன்று குத்தியிருந்தது. 'ஞாயிறு, மாலை 5.'

கோபத்திலும் மனுஷி அப்படி அழுத்துவாள், மன்னிக்கும்போதும் அழுத்துவாள். பத்திரம் படிக்கத் தெரிந்த அக்காவுக்கே இதைப் படிக்கத் தெரியவில்லை.

6

[தங்கை ஓடி வந்து, "அக்கா" என்று—] கோடு போட்டுவிட்டேன்.

[கடை காலி. பக்கத்துக் கடைக்காரர், "அவங்க நேத்தே—"] இதற்கும் கோடு. எனக்கு அவ்வளவு கல்நெஞ்சு இல்லை.

இரண்டையும் நீங்கள் படித்துவிட்டீர்கள் என்று தெரியும். கம்பிக்குப் பின்னால் நிற்கட்டும்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஞாயிறு, ஐந்துக்கு இன்னும் இரண்டு நிமிடம். அக்கா கடை வாசலில் நிற்கிறாள். ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. அதன் அடியில் இரண்டு கால்கள் தெரிகின்றன, இந்தப் பக்கம் பார்த்தபடி. ரொம்ப நேரமாக அங்கேயே நிற்கின்றன.

ஷட்டரை நீங்கள் தூக்கிவிடுங்கள். எனக்கு ஒரு டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கிறது.