இரண்டு அரசுகளுக்கு ஒரு காது

என் அக்கா ஒட்டிலியா, லிபினா தபால் நிலையத்தில் தொலைபேசி இணைப்புப் பலகையில் வேலை பார்த்தாள். அதே அறையில் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் தபால்தலை விற்றேன். ரயில்வேயில் வேலை பார்த்து இறந்துபோன அப்பா செக் இனத்துக்காரர். அம்மா ஜெர்மன்காரி. எங்கள் வீட்டில் சாப்பிட ஒரு பாஷை, சண்டை போட ஒரு பாஷை. யார் எந்தப் பக்கம் என்று ஊரார் கணக்குப் பார்க்கத் தொடங்கியது போர் வந்த பிறகுதான்.

போரின் இரண்டாவது குளிர்காலத்தில் ஏட்டு டுஷெக் வந்து கணப்பு அடுப்பருகே உட்கார்ந்தார். தொப்பியில், வியன்னாவிலிருந்து எங்களை ஆண்ட சக்கரவர்த்தியின் இரட்டைத்தலைக் கழுகு மின்னியது.

"வாவ்ரா வாத்தியார் பிராகா நகரத்துக்கு அடிக்கடி பேசுறாராமே. என்னதான் பேசுறாரு?"

"இணைச்சு விடுறதோட என் வேலை முடிஞ்சுது, ஏட்டையா."

"காதுன்னு ஒண்ணு இருக்குல்ல? சும்மா கேளு. எழுதவெல்லாம் வேணாம், எங்கிட்ட வந்து சொன்னாப் போதும்."

"லைன்ல இரைச்சல்தான் கேக்குது."

"உங்கப்பா செக்காரருங்கிறதாலயா?"

"எங்கம்மா ஜெர்மன்காரி. அவங்க பொண்ணுக்கும் அதே இரைச்சல்தான் கேக்குது."

டுஷெக் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. ஆனால் தினமும் வந்து அதே இடத்தில் உட்கார்ந்து குளிர்காய்ந்தார். அது போதும். தபால்தலை வாங்க வந்தவர்கள் அவரையும் பார்த்தார்கள், அக்காவையும் பார்த்தார்கள்.

வாவ்ரா வாத்தியார் செக் பையன்களுக்காக நடத்திய உடற்பயிற்சிச் சங்கத்தை அரசு தடை செய்திருந்தது. பையன்கள் யார் யார் வீட்டுக் கொட்டகையிலோ கூடுகிறார்கள், தனி நாடு பற்றிப் பேசுகிறார்கள் என்று வதந்தி. தொலைபேசியில் வாத்தியார் உருளைக்கிழங்கு மூட்டைகளைப் பற்றித்தான் பேசினார். எனக்கே ஒருநாள் மனம் கேட்கவில்லை.

"அக்கா, உருளைக்கிழங்குன்னா நெசமாவே உருளைக்கிழங்குதானா?"

"எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் வேணாம். நீயும் ஆரம்பிச்சுட்டியா?" என்றாள்.

வசந்தத்தில் வாத்தியாரைக் கைவிலங்கு மாட்டிச் சந்தை வழியாக நடத்திப் போனார்கள். மறுநாள் காலை ரொட்டிக்கடைக்காரி எங்களைப் பார்த்ததும், "தீர்ந்துபோச்சு" என்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் ரொட்டிகள் ஆவி பறக்க அடுக்கப்பட்டிருந்தன. வரிசையில் யாரோ, "காது வந்துட்டா, வாயை மூடுங்க" என்றார்கள். அக்காவுக்கு அன்றிலிருந்து அதுதான் பெயர்.

ஜெர்மன்காரர்களும் எங்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மருந்துக்கடைக்காரர் ஃபிங்க், எங்கள் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்: "உன் பொண்ணு அந்த வாத்தியாருக்காக எதையெதையோ மறைச்சாளாமே?" அம்மா இருமல் மருந்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதன் பிறகு தெருவில் எந்தப் பாஷையிலும் அவள் அதிகம் பேசவில்லை.

1918ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் ஒரு காலைப் பொழுதில் சாம்ராஜ்யம் இல்லாமல் போனது. பையன்கள் ஏணி வைத்து தபால் நிலைய முகப்பில் இருந்த அரசுக் கழுகைக் கழற்றிக் கீழே போட்டார்கள். சிறையிலிருந்து விடுதலையாகி வந்த வாவ்ரா, நாலு நாளில் புதிய செக் அரசுக்காக ஊரில் அமைந்த தேசியக் குழுவுக்குத் தலைவர் ஆனார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது; பேசும்போது மூச்சு வாங்கியது. அவர் தபால் நிலையத்துக்கு வந்தபோது பின்னாலேயே டுஷெக் வந்தார். தொப்பியில் கழுகு இருந்த இடத்தில் இப்போது செக் நாட்டு நிறத்தில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு ரிப்பன்.

"என்னைக் காட்டிக் கொடுத்தது நீதான்னு தெரியும்" என்றார் வாவ்ரா.

"நான் இல்லீங்க. பக்கத்துலயே நிக்கிறாரே, அவரைக் கேளுங்க."

டுஷெக் ஜன்னலைப் பார்த்தார்.

"சரி, அது கிடக்கட்டும்" என்றார் வாவ்ரா. "பழசை மறந்துடலாம். அந்த ஃபிங்க் வியன்னாவுக்குப் பேசுறான். என்ன பேசுறான்னு கேட்டு எனக்குச் சொல்லு. எழுத வேணாம்."

 அக்கா பலகையின் செருகியை எடுத்து ஃபிங்கின் இணைப்பில் சொருகி, மணியடிக்கும் கைப்பிடியைச் சுழற்றினாள். பேசிக் கேட்கும் கருவியை வாவ்ராவின் கையில் திணித்தாள்.

"நீங்களே கேட்டுக்கோங்க, வாத்தியாரே."

போருக்கு முன் வாவ்ராவும் ஃபிங்கும் ஞாயிறுதோறும் சேர்ந்து சதுரங்கம் ஆடியவர்கள். கருவியிலிருந்து ஃபிங்கின் குரல் எங்களுக்கும் கேட்டது. "யாரு?" என்றது, ஜெர்மனில்.

"விலேம்" என்று வாவ்ரா தன் பெயரைச் சொன்னார்.

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு ஃபிங்க் செக் பாஷையில் பேசினார். "உன் மூச்சு எப்படி இருக்கு? ஜெயில்ல இன்னும் மோசமாகியிருக்குமே. உனக்குன்னு மருந்து எடுத்து வெச்சிருக்கேன். ஆளை அனுப்பு."

வாவ்ராவின் முகம் ஒரு கணம் இளகியது. "சரி" என்று சொல்லிக் கருவியை வைத்தார். வைத்த கையை எடுக்காமலே டுஷெக்கின் பக்கம் திரும்பினார்.

"மருந்துன்னு எதைச் சொல்றான்?"

"விசாரிச்சுடலாங்க" என்றார் டுஷெக்.

அவர்கள் இறங்கிப் போகும்போது அக்கா படிக்கட்டில் ஏட்டைப் பிடித்து நிறுத்தினாள். நானும் கூட இருந்தேன்.

"அன்னைக்கு யார் சொன்னது? இப்பவாவது சொல்லுங்க."

"யாரும் சொல்லல, பொண்ணு. சத்திரத்துல பீர் குடிச்சுட்டு அவரேதான் கொட்டகைக் கூட்டத்தைப் பத்தி முழங்கினாரு. நான் அடுத்த மேஜையில இருந்தேன்."

"அதை அவர்கிட்டச் சொல்லலாமே."

"சொல்லிட்டு? தலைவரு தன் வாயாலேயே மாட்டிக்கிட்டவர்னு ஆயிடும். நான் எங்க போறது?" தொப்பியைச் சரிசெய்துகொண்டு இறங்கினார்.

ஃபிங்கின் மருந்துப் புட்டி பரிசோதனைக்கென்று நகரத்துக்குப் போனது. திரும்பி வந்ததாகத் தெரியவில்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் வாவ்ரா இருமிக்கொண்டேதான் கூட்டங்களில் பேசினார். பனி உருகியதும் ஃபிங்க் கடையை விற்றுவிட்டு வியன்னாவுக்குப் போய்விட்டார்.

அக்காவை அதற்கு முன்பே வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். காரணம் சொல்லவில்லை. ப்ர்னோ நகரத்தில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, அம்மாவையும் அழைத்துக்கொண்டு கிளம்பினாள். நான் வழியனுப்ப ரயிலடிக்குப் போயிருந்தேன். அம்மா மறந்துபோய் ஜெர்மனில், "கம்பளிச் சால்வையை எங்கடி வெச்ச?" என்று கேட்டுவிட்டாள். நடைமேடையில் நின்றவர்கள் திரும்பி முறைத்தார்கள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பெட்டியில மேலாகத்தான் இருக்கு, அம்மா" என்று அக்கா ஜெர்மனிலேயே உரக்கச் சொன்னாள். "குளிரினா எடுத்துப் போத்திக்கோ." பிறகு அம்மாவைக் கைப்பிடித்து வண்டியில் ஏற்றினாள்.