பன்னிரண்டாவது ஈரல்

1

என் எழுபத்தாறு வயதின் மேல் ஆணை, இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. பொய் சொல்லிச் சம்பாதிக்க வேண்டியதையெல்லாம் சம்பாதித்து முடித்தாகிவிட்டது. இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு விசாரணை அறைக்கு வெளியே, மர பெஞ்சில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி தானாகவே சொன்னார். உள்ளே கூப்பிடும்வரை எங்கள் இருவருக்கும் வேறு வேலை இல்லை. நான் யார் என்று அவர் கேட்கவில்லை.

(அரிதாகச் சில வாசகர்களுக்கு இதைப் படித்தபின் குமட்டலோ தூக்கமின்மையோ வரலாம். வந்தால் படிப்பதை உடனே நிறுத்தவும்.)

2

முதல் வாக்கியத்தை நாலு தடவை எழுதினேன். 'ஆய்வுக்கூடத்து ஜன்னல் வழியே மாலை வெயில் சாய்ந்து' – அடித்துவிட்டேன். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. ஒரு மேஜை, ஒரு குளிர்பெட்டி, அதற்குள் பதினோரு பேருடைய ரத்தம்.

மருந்தால் கெட்டுப்போகும் ஈரல்களை இருபத்தாறு வருஷம் ஆராய்ந்தவர் அந்தப் பெண்மணி. யாரைக் கண்டாலும் முதலில் கண் வெள்ளையைப் பார்ப்பார் என்பதால் ஆஸ்பத்திரியில் 'மஞ்சள் மேடம்' என்று பெயர். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் இமையை இழுத்துப் பார்த்துவிட்டாராம். (மாப்பிள்ளை நான் சேர்த்தது. மற்றதெல்லாம் உண்மை.)

ஒரு மூட்டுவலி மாத்திரையின் மேல் அவருக்குச் சந்தேகம். குற்றம் மருந்துடையதா, குடியுடையதா, கிருமியுடையதா என்று தீர்மானிக்க மதிப்பெண் போடும் தாள் ஒன்று உண்டு. ஒன்பது வந்தால் ஏறக்குறைய உறுதி. இவருடைய பதினோரு நோயாளிகளும் ஆறைத் தாண்டவில்லை. ஆறு என்றால் 'இருக்கலாம்'. கம்பெனியின் அகராதியில் 'இருக்கலாம்' என்றால் 'இல்லை'.

மிச்சம் மூன்று மதிப்பெண்ணுக்கு ஒரே வழிதான். பிழைத்தவர் அதே மாத்திரையை மறுபடி விழுங்கி, மறுபடி மஞ்சளாக வேண்டும். ஒரு தடவை தப்பிய ஈரல் இரண்டாம் தடவையும் தப்பும் என்று சொல்ல முடியாது. அதனால் வேண்டுமென்று யாருக்கும் கொடுக்கக் கூடாது. தெரியாமல் யாராவது விழுங்கினால்தான் உண்டு.

3

பன்னிரண்டாவது நோயாளி அவருடைய சொந்த அண்ணன். பஸ் டிரைவர். முப்பது வருஷம் கிளட்ச் மிதித்த இடது முழங்கால். அச்சடித்த எதையும் படிக்காமல் விடமாட்டார். டிக்கெட்டின் பின்பக்கத்தைக்கூடப் படிப்பார். தங்கை வாயால் சொன்னால் மட்டும் நம்பமாட்டார். சின்ன வயதில் மண் தின்றவள் பேச்சை யார் கேட்பது என்பார்.

மஞ்சளாக வந்து படுத்தார். மாத்திரையை நிறுத்தினார்கள். ஐந்து வாரத்தில் தேறினார். மதிப்பெண் ஆறு.

கிளம்பும் நாளன்று செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "ஏன் பாப்பா, முட்டி திரும்ப வலிச்சா பழைய மாத்திரையவே போட்டுக்கலாமா?" பாப்பாவுக்கு வயது ஐம்பத்து நாலு.

இங்கேதான் என் பேனா நின்றது.

4

முதல் வடிவம்: "அதத் தொடவே தொடாதண்ணே" என்றார் மேடம். அண்ணன் சிரித்தார்.

இரண்டாம் வடிவம்: வார்டில் யாரோ கூப்பிட்டார்கள். இதோ வந்துவிடுகிறேன் என்று போனவர் திரும்புவதற்குள் அண்ணி வண்டி பிடித்துவிட்டார்.

மூன்றாம் வடிவம்: மேடம் மனசுக்குள் ஆறையும் மூன்றையும் கூட்டிப் பார்த்தார். பிறகு, "வலிச்சா பாத்துக்கலாம்ணே" என்றார்.

மூன்றாவதை எழுதும்போது மட்டும் கை நன்றாக ஓடியது. அதற்கு நான் பொறுப்பல்ல.

5

மூன்றாம் மாதம், டிப்போவில், முழங்கால் பிடித்துக்கொண்டது. சட்டைப் பையில் பழைய மாத்திரை அட்டை இருந்தது. நாலே நாளில் மஞ்சள். பதினோராம் நாள் போய்விட்டார். அவர் சாவு – அவருடைய மரணம் – (விடுங்கள். போய்விட்டார்.)

மதிப்பெண் ஒன்பது. மேடத்தின் கட்டுரை வெளிவந்தது. அதில் அண்ணன் 'ஆண், 58' என்று இருந்தார். மாத்திரை கடைகளிலிருந்து திரும்பப் போனது. அதனால் எத்தனை ஈரல் தப்பியது என்று யாராலும் எண்ண முடியாது. தப்பியவர்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை.

அண்ணி மட்டும் வந்தார். புருஷனின் சட்டைப் பையில் கிடந்த அட்டையையும், மாத்திரைப் பெட்டிக்குள் மடித்துவைக்கிற தாளையும் மேஜைமேல் போட்டார். அந்தத் தாளை ஒரு தடவை பிரித்தால் பழையபடி மடிக்க யாராலும் ஆகாது. அது தாறுமாறாக மடிந்திருந்தது.

"கிளம்பறப்ப உன்கிட்ட கேட்டாரே. நீ என்ன சொன்ன?"

"சொன்னேன் அண்ணி."

"என்ன சொன்னன்னு கேட்டேன்."

அண்ணி புகார் எழுதினார். அதனால்தான் விசாரணை, அதனால்தான் பெஞ்ச். இனி ஒரு நோயாளியைத் தொட முடியுமா, அண்ணி வீட்டுப் படியேற முடியுமா என்பதெல்லாம் மேடம் உள்ளே போய்ச் சொல்லப்போகும் பதிலில் இருந்தது.

6

"தொடாதேன்னு சொன்னதாத்தான் ஞாபகம் சார்" என்றார் என்னிடம். "ஆனா அந்த மூணு மார்க்கு அப்பவே மனசுல வந்துச்சு. அதுலேர்ந்து என் ஞாபகத்த நானே நம்பறதில்ல."

கதவு திறந்தது. முதலில் கூப்பிட்டது என்னை.

உள்ளே நடந்ததை எழுதப்போவதில்லை. மூன்று வடிவம் கொடுத்திருக்கிறேன்; தீர்ப்பு உங்களுடையது. ஒரே ஒரு தகவல் மட்டும் பாக்கி: மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த அந்தத் தாளை எழுதியவன் நான், 'ஒரு தடவை மஞ்சள் கண்டவர்கள் இதை மறுபடி விழுங்கக் கூடாது' என்ற வரியை, இடம் போதவில்லை என்று எடுத்தவனும் நான்.