சம்மத எண்

மாநிலம் தனி நாடாகிவிட்டது என்று காலைச் செய்தியில் சொன்னார்கள். மதியத்துக்கெல்லாம் துணைமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் புது அரசின் அதிகாரி வந்து நின்றார். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வரும் பெரிய லைனை மூன்று மணிக்குத் துண்டிக்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு எல்லையையே மூடிவிடுவார்களாம்.

"முதல்ல நம்பர் வாங்கணும்," என்றார் ஷிப்ட் இன்ஜினியர்.

"தனி நாடுங்க நாம. அவங்ககிட்ட எதுக்குக் கேக்கணும்?"

"நாடு நம்மளோடது சார். கரண்டு அங்கேருந்து வருது."

அந்த லைனில் யாரும் தன்னிச்சையாகக் கை வைப்பதில்லை. அக்கரை ஆள் தன் பக்கத்து மின்சுமையைச் சரிசெய்துகொண்டு ஒரு சம்மத எண் சொல்வார். அதைப் பதிவேட்டில் எழுதிய பிறகுதான் சுவிட்சைத் தொடலாம். இல்லையென்றால் இரு கரையும் இருண்டுபோகும். முப்பத்திரண்டு வருடத்தில் இன்ஜினியர் அந்தப் பதிவேட்டில் ஒரு பொய் எழுதியதில்லை.

அக்கரையில் போனை எடுப்பவர் அவருடைய சம்பந்தி. மகள் கல்யாணத்தன்று இன்ஜினியரின் அண்ணனைச் சம்பந்தி வீட்டார் முன்வரிசையிலிருந்து எழுப்பிவிட்டார்கள். அன்றைக்கு முறுக்கிக்கொண்டதுதான். ஆறு வருடமாக லைன் விஷயம் தவிர இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. "ரெண்டு பேருக்கும் நடுவுல கரண்டு ஓடுது, பேச்சு ஓடல," என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள்.

இரண்டே முக்காலுக்கு இன்ஜினியர் போனை எடுத்தார்.

"இக்கரை. லைன் ஒண்ணு. மூணு மணிக்குத் துண்டிக்க அனுமதி."

"அக்கரை. எழுதிக்குங்க. நூத்திப் பதினெட்டு." பிறகு வழக்கம்போல் 'டொக்'கென்று வைக்கும் சத்தம் கேட்கவில்லை. "வச்சிடாதீங்க சம்பந்தி. உங்க பொண்ணும் பேத்தியும் ரயில்ல வந்துட்டிருக்காங்க."

இன்ஜினியரின் பேனா காகிதத்துக்கு மேலே நின்றது.

"சம்பந்தியம்மாவுக்கு நாளைக்கு ஆபரேஷனாமே. நீங்க சொல்ல மாட்டீங்க. அவங்கதான் சொன்னாங்க. போனா திரும்ப முடியுமோ முடியாதோன்னு என் பையன் தயங்கினான். பெத்தவளைப் பாக்காம எப்படிடான்னு நான்தான் ஏத்திவிட்டேன்."

அந்த ரயில் ஓடுவது இந்த லைன் மின்சாரத்தில். பாலம் தாண்டி இக்கரை சேர நாலரை ஆகும். மூன்று மணிக்குத் துண்டித்தால் பாலத்துக்கு அப்பாலேயே நின்றுவிடும்.

"அப்புறம் ஏன் நம்பர் கொடுத்தீங்க?" இன்ஜினியரின் குரல் தாழ்ந்திருந்தது.

"முறையாக் கேட்டா கொடுத்துத்தான் ஆகணும். சொந்த விஷயத்துக்காக மறுத்தான்னு நாளைக்கு முதல் ஆளா நீங்கதான் சொல்லிக் காட்டுவீங்க."

சொல்லிக் காட்டியிருப்பார். அது இன்ஜினியருக்கே தெரியும்.

"நம்பர் வந்துச்சா?" அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தபடி கேட்டார்.

இன்ஜினியர் பேனாவை மூடினார். "வரல."

அது பொய் என்று தெரிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். எந்த மனிதர் முன்னால் தலை குனியக் கூடாது என்று ஆறு வருடம் விறைப்பாக இருந்தாரோ, அவர் மறுமுனையில் கேட்டுக்கொண்டிருந்தார். இன்ஜினியருக்குக் காது மடல் சுட்டது.

அதிகாரி ரிசீவரைப் பிடுங்கினார். "ஏங்க, ஒரு நம்பர் சொல்றதுக்கு உங்களுக்கு என்ன கேடு?"

அக்கரையிலிருந்து அறை முழுவதும் கேட்கும்படி பதில் வந்தது.

"கொடுக்கல சார். என் பக்கம் சுமையை இறக்கணும். நாலே முக்கால் ஆகும். அவசரம்னா இப்பவே வெட்டிக்குங்க. முதல் நாள் சுதந்திரத்தை மெழுகுவத்தியில கொண்டாடலாம்."

அதிகாரி முணுமுணுத்துக்கொண்டே ரிசீவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மேலிடத்துக்குச் சொல்ல வராந்தாவுக்குப் போனார்.

இன்ஜினியர் அதைக் காதில் வைத்தார்.

"எந்தப் பெட்டி, சம்பந்தி?"

"நாலாவது. ஸ்டேஷனுக்கு யாரையாவது அனுப்பிடுங்க. குழந்தை தூங்கிடுவா, இவ ஒருத்தியால பையையும் தூக்கி அவளையும் தூக்க முடியாது."