கண்ணாடிக்காரியின் ஆட்டம்

கண்ணாடிக்காரிக்கு மருந்து ஏறும்போதெல்லாம் அவள் கையால் வெட்டிய கண்ணாடிகள் அத்தனையும் ஆடின. வங்கி முகப்பின் ஆளுயரக் கண்ணாடி வயிற்றை முன்னே தள்ளிப் பின்னே இழுத்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்து ஜன்னல்கள் கொடியில் காயும் துணி மாதிரி நெளியும். முடிதிருத்தும் கடையில் தாடையை நீட்டி உட்கார்ந்தவர்கள், தங்கள் முகம் இடமும் வலமும் போய்வருவதைப் பார்த்துக்கொண்டே சவரம் செய்துகொண்டார்கள். ஒன்றுகூட உடையவில்லை. மருந்து இறங்கியதும் ஆட்டம் நிற்கும். ஆனால் அப்போது எல்லாக் கண்ணாடியும் மூச்சு பட்டதுபோல மங்கிவிடும். அடுத்த மாத்திரை வேலை செய்யும்வரை வெளியே மழையா வெயிலா என்று கதவைத் திறந்துதான் பார்க்க வேண்டும். ஊரில் பாதிக்குமேல் அவள் வெட்டிய கண்ணாடிதான் என்பதால் இதை யாரும் மூடி மறைக்க முடியவில்லை.

வியாதி முதலில் வலது கைக் கட்டைவிரலில்தான் வந்தது. நரம்பு டாக்டரம்மா அதற்குப் பார்க்கின்சன் என்று பெயர் சொன்னார். கண்ணாடிகளுக்கு மரச்சட்டம் அடிக்கும் தச்சரான அவள் கணவர் அந்தப் பெயரை ஒரு வாரம் வாயில் போட்டுப் புரட்டிவிட்டு, 'அந்தச் சனியன்' என்று மாற்றிக்கொண்டார். முதல் சில வருடங்கள் மாத்திரை சொன்ன பேச்சைக் கேட்டது. பிறகு அதுவே வினையாகிப் போனது. ஏறினால் கழுத்தும் தோளும் இடுப்பும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு ஆடும். இறங்கினால் எடுத்து வைத்த கால் அப்படியே நிற்க, அவள் கட்டையாகிப் போவாள். கண்ணாடி வெட்டுகிறவர்களுக்கு ஒரே ஒரு இழுப்புதான். வைரமுனைக் கத்தியை வைத்தால் கடைசிவரை போய்விட வேண்டும், அதே கோட்டில் இரண்டாம் முறை இழுத்தால் கண்ணாடி போச்சு. அதற்கும் அவள் வழி கண்டுபிடித்தாள். மேசையைக் குறுக்காகத் திருப்பிப் போட்டாள், இடுப்பு எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துவைத்தாள், கணவர் அளவுகோலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடிக்க, உடம்பு போகிற போக்கிலேயே கோட்டை இழுத்தாள். கோடு நேராக வந்தது. ஆட்டத்தைப் பற்றி அவளுக்கு ஒரு புகாரும் இல்லை. கட்டையாகிக் கிடக்கிற நேரத்தைத்தான் அவள் வெறுத்தாள்.

புகாரெல்லாம் ஊருக்குத்தான். வங்கி மேலாளர் தனக்குத் தலை சுற்றுகிறது என்று ஆரம்பித்துவைக்க, தலை சுற்றாதவர்களுக்கும் சுற்ற ஆரம்பித்தது. ஆட்டம் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அவள் கண்ணாடிகளையெல்லாம் கழற்றிவிட்டு வெளியூரிலிருந்து வேறு வரவழைப்பது என்று கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். டாக்டரம்மாவுக்கும் வேறொரு கவலை இருந்தது, அவள் ஒருநாள் ஆட்டத்தில் கண்ணாடிமேலேயே விழுந்துவிடுவாளோ என்று. பழைய மாத்திரையின் அளவைக் குறைத்து, ஆட்டத்தை அடக்கும் புது மாத்திரை ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தார். கணவர் "போட்டுத்தான் பாரேன்" என்றார். போட்டுப் பார்த்தாள்.

கண்ணாடிகள் நின்றன. ஊர் டாக்டரம்மாவைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. மேலாளர் பூங்கொத்தோடு கடைக்கு வந்து, புகைப்படத்துக்கு உட்கார்ந்தவள்போல அசையாமல் இருந்த கண்ணாடிக்காரியிடம் "எவ்வளவு அமைதியா இருக்கீங்க!" என்று பூரித்துப் போனார். எல்லாக் கண்ணாடியிலும் நாள் முழுக்க லேசான மங்கல் இருந்தது. வெயில் கூசாமல் இருக்கிறதே என்று அதற்கும் சந்தோஷப்பட்டார்கள். ஒரு அலமாரிக் கதவுக்கு வெட்டும்போது அவள் கை பாதிக் கோட்டில் நின்றது. அழுத்தம் வரவில்லை. முப்பது வருடத்தில் செய்யாததைச் செய்தாள்: அதே கோட்டில் கத்தியை மறுபடி வைத்தாள். கண்ணாடி கோணல்மாணலாகப் பிளந்தது. கணவர் துண்டுகளைப் பொறுக்கிவிட்டு, ஒரு போர்வையைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்து மூடினார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"எடுங்க அதை."

"கொஞ்ச நாள் ஓய்வா இருக்கலாமேன்னு..."

"கடையை மூடுறதா இருந்தா நான் சொல்றேன். நான் இன்னும் சொல்லலை."

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய், இரண்டு காலில் நிற்பதே பெரும்பாடாக இருந்தவள், பழைய அளவு வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஆட்டம் எவ்வளவோ குறைந்திருக்கிறதே என்றார் டாக்டரம்மா.

"குறைஞ்சிருக்கு, யாரு இல்லைன்னா? ஆடுனது என் உடம்பு டாக்டர். அதனால யாருக்குக் கஷ்டம், எனக்கா? ஆடிக்கிட்டே வெட்டினேன். இப்ப ஆடாம உக்காந்துக்கிட்டு சும்மா இருக்கேன். எது வியாதின்னு நீங்களே சொல்லுங்க."

டாக்டரம்மா கெட்டவர் அல்ல, அவசரக்காரர், அவ்வளவுதான். எவ்வளவு ஆடுகிறாள் என்று ஒவ்வொரு முறையும் அளந்தோமே, எவ்வளவு வெட்டுகிறாள் என்று கேட்கவே இல்லையே என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. யோசித்துவிட்டு, இன்னொரு புது வழி இருக்கிறது என்றார். இடுப்பில் கட்டிக்கொள்ளும் சின்னப் பெட்டி. தோலுக்கு அடியில் செருகிய ஊசி வழியாக மருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்கும், ஒரேயடியாக ஏறவும் செய்யாது, வற்றவும் செய்யாது. ஊசி போட்ட இடம் சிவந்து தடிக்கலாம்.

"ஆட்டம் முழுசா நிக்காதும்மா. அதை முதல்லயே சொல்லிடறேன்."

"நிக்க வேண்டாம். கட்டையாகாம இருந்தா போதும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

பெட்டி கட்டிய பிறகு கண்ணாடிகளின் மங்கல் போயிற்று, ஆட்டம் திரும்ப வந்தது. முன்னைப்போலக் குதிக்காமல் நாள் முழுக்க ஒரே சீராக அசைந்தது. மேலாளர் சொன்னபடி ஆட்களை அனுப்பி வங்கிக் கண்ணாடியைக் கழற்றத் தொடங்கினார். அவள் இடுப்பில் பெட்டியும் வயிற்றில் தடிப்புமாகத் தெருவைக் கடந்து ஆடி ஆடிப் போனாள். ஊரே வேலையை விட்டுவிட்டு வாசலில் நின்று பார்த்தது.

"கழட்டுங்க சார், உங்க கட்டடம். ஆனா நான் ஆடிக்கிட்டுத்தான் இருப்பேன், கடையும் திறந்துதான் இருக்கும். தலை சுத்துறவங்க உள்ள உக்காந்துக்கலாம்."

மேலாளர் வெளியூர்க் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டார். அது அசையவும் இல்லை, மங்கவும் இல்லை. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. அடுத்து அவர் கூட்டிய கூட்டத்துக்கு மற்றவர்கள் வரவில்லை, வேலை இருக்கிறது என்றார்கள்; அவரவர் கண்ணாடி இருந்த இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது.

அந்த மாதமே டாக்டரம்மா கடைக்கு வந்து, தன் அறை ஜன்னலுக்குப் பெரியதாக ஒரு கண்ணாடி வேண்டும் என்றார். "ஆடும், தெரியுமில்ல?" என்று கேட்டாள் கண்ணாடிக்காரி. தெரியும் என்றார். கணவர் அளவுகோலை அழுத்திப் பிடித்தார். அவள் இடுப்பு ஒருமுறை வீசிப் போய்த் திரும்பும்வரை காத்திருந்து, கத்தியை வைத்து, அந்த முனையிலிருந்து இந்த முனைவரை ஒரே இழுப்பில் இழுத்தாள். அந்த ஜன்னல் ஆஸ்பத்திரியில் இப்போதும் இருக்கிறது. அது வயிறு தள்ளி உள்ளே வரும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளி நாற்காலியைச் சற்று நகர்த்திப் போட்டுக்கொண்டு தன் உடம்புக்கு என்ன வேண்டும் என்பதை டாக்டரம்மாவிடம் தொடர்ந்து சொல்கிறார்.