மூலைக்கு வரும் அழுக்கு

மீன்கள் மறுபடியும் முட்டை வைத்திருந்தன.

கலைச்செல்வி வெட்டிய ரப்பர்ப்பாலை தோட்டத்து ஸ்டோரில் அளந்து கொடுத்துவிட்டு, லயத்து வரிசை வீடுகளின் படியேறி வந்து தன் காம்பராக் கதவைத் தள்ளியதும் முதலில் பார்த்தது அதைத்தான். தொட்டிக்குள் கவிழ்த்து வைத்த மண்சட்டியின் ஒரு பக்கம் முழுக்கக் கடுகு ஒட்டியதுபோல முட்டைகள். அதற்கு முன்னால் தட்டுப்போல வட்டமான இரண்டு டிஸ்கஸ் மீன்களும் நின்று, முறைபோட்டுச் செட்டையால் விசிறிக்கொண்டிருந்தன. அவள் தலைத்துணியைக்கூட அவிழ்க்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷம் பாதி, பயம் பாதி. இது மூன்றாவது தடவை.

அந்த ஜோடி தெஹியோவிட்ட பஸாரில் மீன் கடை வைத்திருக்கும் ஜுனைதீனுடையது. நாலு வருஷமாகக் கலைச்செல்வி வீட்டில் கப்பி மீன் வளர்த்து அவருக்குத்தான் கொடுத்து வந்தாள். அவர் கடையில் அந்த ஜோடி எத்தனையோ தடவை முட்டை வைத்தும் ஒன்றும் பொரிக்கவில்லை. டவுன் குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை. தோட்டத்துப் பீலித் தண்ணீரோ மலையிலிருந்து நேரே விழுவது, மென்மையான தண்ணீர். அதனால் போன வருஷம், அதாவது இரண்டாயிரத்து நாலு கடைசியில், ஒரு த்ரீவீலரில் மீன்களைத் தூக்கிக்கொண்டு அவரே ஏறி வந்தார். குஞ்சு பிழைத்தால் ஆளுக்குப் பாதி என்று பேச்சு. போகிறபோது, இந்தப் பக்கத்தில் இதுவரை ஒருவரும் டிஸ்கஸ் குஞ்சை வளர்த்து எடுத்ததில்லை என்று சும்மா சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல்தான் கலைச்செல்வியைப் பிடித்துக்கொண்டது. காலையில் மரத்துக்கு மரம் போகும்போதும் அதுவே மனசில் ஓடியது.

முதல் தடவை முட்டைகளை மீன்களே தின்றுவிட்டன. இரண்டாம் தடவை குஞ்சுகள் நீந்தவே தொடங்கிவிட்டன. கெடுத்தது தொட்டியின் அடிதான்.

குஞ்சு பொரிக்கிற தொட்டிக்கு மணல் கூடாது, வெறும் கண்ணாடியாக இருந்தால்தான் மிஞ்சின தீனியும் கழிவும் கண்ணுக்குத் தெரியும், எடுத்துவிடலாம் என்று ஜுனைதீன் சொல்லியிருந்தார். கண்ணுக்குத் தெரிந்தது உண்மை. எடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. நறுக்கிப் போட்ட மண்புழுத் துணுக்கும் கழிவும் அடி முழுக்கப் பரவிக் கிடக்கும். குழாயை வாயால் உறிஞ்சிவிட்டு அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டு போக வேண்டும். ஒரு மூலையை முடித்து மறு மூலைக்குப் போவதற்குள் அழுக்கு கலங்கி மறுபடி எல்லா இடமும் பரவும். காலையில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் பாதித் தண்ணீர் போய்விடும். போன தண்ணீருக்குப் பீலியிலிருந்து எட்டு வாளி படியேற வேண்டும். அதைச் சுமந்தவன் அவள் புருஷன் இருளப்பன். ஸ்டோரில் ரப்பர்ஷீட்டு உருட்டும் மெஷினைச் சுற்றிச் சுற்றியே தோள் இற்றுப்போய் வருகிறவனுக்கு அது பிடிக்குமா? இந்த வீட்டில் மனுசன் குளிக்கிறதைவிட மீன் குளிக்கிறதுதான் அதிகம் என்று லயம் முழுக்கக் கேட்கச் சொன்னான்.

அப்படிக் கழுவிக் கழுவியும் இரண்டாம் தடவை தோற்றது. குழாய் வாளியில் விட்ட தண்ணீரைப் பார்த்தபோது அழுக்கோடு குஞ்சுகளும் போயிருந்தன, கண்ணிமை முடியளவு குஞ்சுகள், நாற்பதுக்கு மேல். பயந்துபோய் அடுத்த இரண்டு நாள் அவள் கழுவவில்லை. அதில் தண்ணீர் கெட்டு மிச்சமும் செத்தன. அன்றைக்கு அவள் சோறு தின்னவில்லை.

இப்போது மறுபடியும் முட்டை. இரண்டரை நாளில் பொரிக்கும். ஐந்தாம் நாள் நீந்தும். அதற்குள் ஒரு வழி வேண்டும்.

வழி பக்கத்துத் தொட்டியில் கிடந்தது. அன்று பின்னேரம் கப்பிகளுக்குத் தீனி போடப்போனவள் கையை நீட்டியபடியே நின்றாள். நாலு நாளாகக் கழுவாத தொட்டி அது. டிஸ்கஸ் நினைப்பில் அதை மறந்தே போயிருந்தாள். ஆனால் அடிக் கண்ணாடி பளிச்சென்று கிடந்தது. அழுக்கு எங்கே என்று குனிந்து தேடினாள். எல்லாம் இடது மூலையில், ஒரு கைப்பிடியளவு, பெருக்கிக் குவித்ததுபோலக் கிடந்தது.

யாரும் பெருக்கவில்லை. மாறியிருந்தது ஒன்றே ஒன்றுதான். வழக்கமாக நடுவில் கிடக்கும் காற்றுக்கல், மோட்டர்க் குழாயின் நுனியில் குமிழி விடும் கல், எப்படியோ வழுக்கி அந்த மூலைக்குப் போயிருந்தது. குமிழிகள் அங்கேயிருந்து மேலே வந்துகொண்டிருந்தன.

அவள் அடுப்படிக்கு ஓடினாள். காலையில் வடித்த தேயிலைச் சக்கையில் ஒரு சிட்டிகை எடுத்து வந்து தொட்டியின் வலது பக்கம் போட்டாள். சக்கை மெல்ல மெல்ல அடிக்கு இறங்கியது. கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. பிறகு ஒரு துணுக்கு அசைந்தது. பிறகு இன்னொன்று. எறும்பு வரிசைபோல அடிக் கண்ணாடியோடு ஒட்டி, இடது பக்கமாக நகரத் தொடங்கின. மூக்கு தொட்டியில் முட்டும்வரை அவள் குனிந்திருந்தாள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். சக்கை முழுவதும் மூலையில் போய்ச் சேர்ந்து நின்றது.

இருளப்பன் அப்போதுதான் வேலை முடிந்து வந்து இஸ்தோப்புத் திண்ணையில் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“ஏங்க, இங்க வாங்க. ஒண்ணும் கேக்காம இத மட்டும் பாருங்க.”

அவனும் பார்த்தான். அவள் இன்னொரு சிட்டிகை போட்டாள். முதலில் அலட்சியமாக நின்றவன் இரண்டாம் சிட்டிகைக்குக் குந்திவிட்டான். மூன்றாம் சிட்டிகையை அவனே போட்டான். குமிழி தண்ணீரை மேலே தூக்குகிறது, தூக்கின தண்ணீர் மேலோடு அந்தப் பக்கம் போகிறது, அங்கே சுவரில் முட்டி அடிக்கு இறங்கி, இறங்கினது இந்தப் பக்கமே திரும்பி வருகிறது, வரும்போது அழுக்கையும் கூட்டிக்கொண்டு வருகிறது என்று விரலால் காற்றில் வட்டம் போட்டுக் காட்டியது அவன்தான். கலைச்செல்விக்கும் அது தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் அவன் வாயால் கேட்க நன்றாக இருந்தது. கல்லை வலது மூலைக்கு மாற்றினார்கள். சக்கை வலது மூலைக்கு வந்தது. நடுவில் வைத்தார்கள். நாலு மூலையிலும் சிதறியது. இத்தனை மாதமாகக் கல்லை நடுவில் வைத்துக்கொண்டு அவர்களேதான் அழுக்கைப் பரப்பியிருக்கிறார்கள். இருளப்பன் தான் சுமந்த வாளிகளை நினைத்துத் தலையில் கை வைத்துச் சிரித்தான். அன்று சோறு ஆறிப்போனது.

மறுநாள் டிஸ்கஸ் தொட்டியிலும் கல்லை இடது மூலைக்குத் தள்ளினாள். சட்டியைக் கல்லுக்குத் தூரமாகத் தள்ளாமல் இருந்த இடத்திலேயே விட்டாள். முட்டைகளைத் தொடப் பயம். எல்லாம் சரியாகவே நடந்தது, முட்டை பொரிக்கும்வரை.

மூன்றாம் நாள் முட்டைகள் வெடித்து, சட்டியில் ஒட்டியபடி வால்கள் மட்டும் துடித்தன. இன்னும் நீந்தத் தெரியாத குஞ்சுகள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று பிய்ந்து விழுந்தது. தண்ணீரின் ஓட்டம் அதை அடியோடு உருட்டிக்கொண்டு மூலைக்குப் போனது. ஆண்மீன் பாய்ந்து அதை வாயில் கவ்வியபோது, தின்கிறது என்று நினைத்து அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்து பார்த்தபோது அது குஞ்சைக் கொண்டுபோய்ச் சட்டியில் துப்பிக்கொண்டிருந்தது. அடுத்து இரண்டு விழுந்தன. அதன் பிறகு ஐந்து. இரண்டு மீன்களும் சட்டிக்கும் மூலைக்குமாக அலைந்து களைத்துப்போயின. ஓட்டம் அழுக்குக்குச் சரி, குஞ்சுக்கு அதன் வேகம் அதிகம். நிறுத்தினால் பழைய கதை. குறைக்க வேண்டும், ஆனால் அந்த மலிவான காற்று மோட்டருக்குக் கூட்டவும் குறைக்கவும் திருகு இல்லை. குழாயைக் கையால் மடித்துப் பிடித்துப் பார்த்தாள். மடித்தால் முழுதாக நின்றது, விட்டால் முழுதாக வந்தது.

அப்போது அவளுக்குத் தன் பிரசவம் ஞாபகம் வந்தது. கையில் ஊசி ஏற்றி, மேலே சேலைன் போத்தல் தொங்கவிட்டு, நர்ஸ் மிஸ்ஸி ஒரு சின்னச் சக்கரத்தைப் பெருவிரலால் உருட்டிச் சொட்டைக் கூட்டினாள், குறைத்தாள்.

இருளப்பனுக்கு அன்று அரைநாள் வேலை. அவனைச் சட்டை மாற்றக்கூட விடவில்லை.

“டவுனுக்குப் போயி பார்மஸியில சேலைன் குழா ஒண்ணு வாங்கிட்டு வாங்க. அந்த உருட்டுற சக்கரம் இருக்கணும்.”

“யாருக்கு சொகமில்லேன்னு கேட்டா?”

“மீனுக்குன்னு சொல்லுங்க.”

அவன் போய் வர ஒன்றரை மணி நேரம். அதுவரை அவள் மோட்டரை ஐந்து நிமிஷம் போட்டு ஐந்து நிமிஷம் நிறுத்திக்கொண்டு, தொட்டிக்கு முன்னால் அசையாமல் இருந்தாள். அவன் மூச்சு வாங்கப் படியேறி வந்தபோது கையில் இரண்டு குழாய்கள் இருந்தன. ஒன்று உடைந்தால் என்ன செய்வது என்று பஸ் ஏறப்போனவன் திரும்பிப்போய் வாங்கினானாம். பார்மஸிக்காரன் கேட்கவும் செய்தானாம். இவன் மாளுவுக்கு, மீனுக்கு, என்று சிங்களத்தில் சொன்னதும் கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம்.

குழாயைக் காற்று மோட்டரோடு இணைத்துச் சக்கரத்தை மெல்ல உருட்டினாள். குமிழி கொத்தாக வந்தது, பிறகு வரிசையாக வந்தது, பிறகு ஒவ்வொன்றாக எண்ணும்படி வந்தது. சட்டியில் வால்கள் துடித்தன, ஒன்றும் விழவில்லை. அடியில் கிடந்த ஒரு புழுத் துணுக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அது அசையவில்லை. சக்கரத்தை ஒரு மயிரிழை திருப்பினாள். துணுக்கு புரண்டது. இன்னும் ஒருமுறை புரண்டது. நின்று நின்று, ஊர்ந்து ஊர்ந்து, மூலையைப் பார்த்துப் போகத் தொடங்கியது. இருளப்பன் அவள் தோளை இறுக்கிப் பிடித்தான்.

இரண்டாவது குழாய்க்கும் வேலை வந்தது. அழுக்கு ஒரே இடத்தில் வந்து கிடப்பதால் பழைய தடித்த குழாய் எதற்கு? இந்த மெல்லிய குழாயின் நுனியை மூலையில் வைத்துச் சக்கரத்தைத் திறந்தால் போதும். அழுக்கு மட்டும் நூல்போல ஏறி வந்து வெளியே விழுந்தது. ஒரு வெள்ளைக் கோப்பையில் விட்டுத் தேடிப் பார்த்தாள். குஞ்சு ஒன்றும் இல்லை. அரைக் கோப்பைத் தண்ணீர்கூடப் போகவில்லை. வேலை தொடங்கி முடிய இரண்டு நிமிஷம். மீன்கள் திரும்பியும் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் வேலையில் அவளுக்குக் கை ஓடவில்லை. முடித்து ஓட்டமும் நடையுமாக வந்து கதவைத் திறந்தால், சட்டியில் ஒன்றுமில்லை. தொட்டியிலும் ஒன்றுமில்லை. அடியைப் பார்த்தாள், மூலையைப் பார்த்தாள், தண்ணீர் தெளிந்துதான் கிடந்தது. தின்றுவிட்டன என்றே நினைத்தாள். அப்போது பெண்மீன் மெதுவாகத் திரும்பியது. அதன் மறுபக்கத்து உடம்பு முழுக்கக் குஞ்சுகள், தாயின் தோலில் வாயை வைத்து, நூற்றுக்கு மேல், விளிம்பில் குஞ்சம் கட்டியதுபோல ஆடிக்கொண்டிருந்தன. தாய் ஒரு சிலுப்பு சிலுப்பியது. அத்தனையும் ஒரு நொடியில் கழன்று, பக்கத்தில் நின்ற ஆண்மீனின் மேல் போய் ஒட்டிக்கொண்டன.

கலைச்செல்வி இஸ்தோப்புக்கு வந்து லயத்தையே கூப்பிட்டாள். பால் வாளியோடு வந்தவர்கள், சோற்றுக் கையோடு வந்தவர்கள், எல்லோரையும் இரண்டிரண்டு பேராக, சத்தம் போடாமல் உள்ளே விட்டாள். தோட்டத்தில் சம்பள நாளில்கூட இப்படிக் கியூ நின்றதில்லை என்று ஒருவர் சொன்னார். இருளப்பன் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் காற்றில் வட்டம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தான்.

மூன்று கிழமை கழித்து ஜுனைதீன் வந்தார். கூடவே அவருடைய மனைவி நூரியாவும் வந்திருந்தாள். கடையில் மீன் விற்பது மட்டும்தான் ஜுனைதீன். இருபத்திரண்டு தொட்டியையும் கழுவுவது நூரியா என்று கலைச்செல்விக்குத் தெரியும். நூரியாவின் கையில் எப்போதும் தண்ணீரில் ஊறின வெளுப்பு இருக்கும்.

ஜுனைதீன் தொட்டிக்கு முன்னால் குந்திக் குஞ்சுகளை எண்ணினார். நகத்தளவு வளர்ந்து, வட்டம் பிடித்து, எண்பத்தாறு. யாரையெல்லாம் கூட்டி வந்து காட்டலாம் என்று பெயர் சொல்லத் தொடங்கினார். நூரியா குஞ்சுகளைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தாள். பிறகு குனிந்து அடிக் கண்ணாடியைப் பார்த்தாள்.

“இது எப்பிடி இவ்வளவு துப்புரவா ஈக்கி? ஒரு நாளைக்கு எத்தன தரம் கழுவுற?”

“கழுவுறதில்ல ராத்தா. அழுக்கு அதுவா மூலைக்கு வருது. நான் ரெண்டு நிமிசத்துல எடுத்துருவேன்.”

நூரியா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள், பகடி செய்கிறாளோ என்று. கலைச்செல்வி முழுதும் செய்து காட்டினாள். நூரியா கேட்டுவிட்டு, சக்கரத்தைத் தானே உருட்டிப் பார்த்துவிட்டு, புருஷன் பக்கம் திரும்பி, இந்தப் பிள்ளை கடைக்கு வர வேண்டும், வருகிறேன் என்று சொல்லும்வரை தான் இங்கேயிருந்து த்ரீவீலர் ஏறுவதில்லை என்று சொல்லிவிட்டாள்.

அடுத்து வந்த போயா, பௌர்ணமி லீவில் கலைச்செல்வி தெஹியோவிட்டவுக்கு இறங்கினாள். ஜுனைதீன் ஒரு பெட்டி நிறையச் சேலைன் குழாய் வாங்கி வைத்திருந்தார். பகல் சாப்பாட்டுக்குள் பதினைந்து தொட்டி முடிந்தது. ஒவ்வொன்றிலும் அழுக்கு ஊர்ந்து மூலைக்குப் போவதை நூரியா புதிதாய்ப் பார்ப்பதுபோலவே பார்த்தாள்.

பதினாறாவது தொட்டி மாட்டேன் என்றது. நீளமான, உயரம் குறைந்த தொட்டி. அழுக்கு பாதி வழி வந்து நடுவில் நின்றுகொண்டது. கல்லை முன்னே வைத்தார்கள், பின்னே வைத்தார்கள், காற்றைக் கூட்டினார்கள். பின்னேரமாகியும் நடுவிலேயே நின்றது. இரண்டு கல் வைக்கலாம் என்றாள் நூரியா. அப்படி வைத்தால் இரண்டு ஓட்டமும் சண்டைபிடிக்கும் என்றாள் கலைச்செல்வி. இரண்டையும் ஒரே முனையிலா, இல்லை ஒன்று முனையிலும் ஒன்று நடுவிலுமா என்று வாக்குவாதம் வந்தது. ஜுனைதீன் வாசலிலிருந்து கடைசி பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிஷம் என்று நினைவுபடுத்தினார்.

“ஜுனைதீன் நானா, நீங்க எங்க வீட்டுக்காரருக்கு போன் பண்ணிச் சொல்லிருங்க, நான் த்ரீவீல்ல வாறேன்னு” என்று கலைச்செல்வி திரும்பாமலே சொன்னாள். முழங்கைவரை கை தண்ணீருக்குள் இருந்தது. “ராத்தா, அந்த ரெண்டாவது கல்ல இங்கிட்டு குடுங்க. நீங்க சொன்ன மாதிரியே வச்சிப் பாப்போம்.”